நாற்பத்திரண்டு சென்ட்

கல்யாண மண்டபம் ஆறு, பெட்ரோல் பங்க் ஒன்று,
மாம்பழக்கூழ் ஆலைக்கு இரண்டு கொட்டகை,
வீடுகள் கணக்கில்லை.
இடுகாடு நான் வரைந்ததில்லை.

ஹானோக் நாகாவ்கர்,
ஓசூரில் லேத் பட்டறை வைத்து ஓய்ந்தவர்,
பட்டாவைப் பால் கவரில் சுற்றிக் கொண்டுவந்தார்.
சூளகிரிக்கு மேற்கே, ராகி விளைந்த மேடு.
விண்ணப்பத்தில் இந்து, இசுலாம், கிறித்துவம் தாண்டி
'இதர' என்ற கட்டத்துக்குள்
யூதர் என்று எழுதியிருந்தார்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
கட்டத்துக்கு வெளியே தொங்கியது.

முதலில் திசை.
கால்கள் எருசலேம் பக்கம் இருக்கட்டும், என்றார்,
எழுப்பும் நாளில் திரும்பாமல் நடக்க.
கணக்குப் போட்டேன்:
மேற்கிலிருந்து வடக்கே முப்பத்து மூன்று டிகிரி.
நிலமோ பாகப்பிரிவினையில் வெட்டுப்பட்ட கோணல்.
குழிகளைச் சாய்த்து அடுக்கினால்
ஓரமெல்லாம் முக்கோணத் துண்டுகள்,
பதினோரு பேருக்கான மண் வீண்.
"சாய்த்தே போடுங்கள்.
எங்களுக்கு அவசரமில்லை."

பிறகு பாறை.
மூன்றடியில் கடப்பாரை மணியடித்தது.
ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் தராத ஊர்,
ஆறடி கேட்டால் மட்டும் கொடுத்துவிடுமா?
கம்ப்ரசர் வைத்து உடைத்த சில்லுகளை அள்ள வந்த டிராக்டரை
கைகாட்டி நிறுத்தினார்.
பூ வைப்பதில்லையாம்.
வருகிறவர் ஒரு கல் வைத்துவிட்டுப் போவாராம்.
"நூறு வருஷத்துக்குக் காணும்" என்று
மூலையில் குவிக்கச் சொன்னார்.

வாசலில் கை கழுவ ஒரு குழாய்; தண்ணீர் கேனில் வரும்.
கிழிந்துபோன வேதப் புத்தகங்களைப் புதைக்க ஒரு குழி,
ஆள் அளவுக்கே.
பத்து ஆண்கள் நின்று சொல்லும் மன்றாட்டுக்கு ஒரு சதுரம்.
"இப்போது எத்தனை பேர்?"
"ஏழு. நீங்கள் பத்துக்கே வரையுங்கள்."

அப்புறம்தான் சொன்னார்:
"சிலர் உள்ளே வரக்கூடாது.
அவர்களுக்குச் சுவருக்கு வெளியே தனி வழி."

பென்சிலை வைத்துவிட்டேன்.
இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
அப்பாவை எடுத்த அன்று
தார்ச்சாலையை மறித்து நின்று சொன்னார்கள்.
சோளக்கொல்லை வழியே
முழங்கால் சேற்றில் பாடையோடு இறங்கினோம்.
என் செருப்பு ஒன்று இன்னும் அங்கே கிடக்கும்.

"யார் அவர்கள்?"
"கோகேன். பூசை செய்த வம்சம்.
இங்கே ஒருவன்தான், பல் டாக்டர்.
செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அவன் வரலாகாது.
நான் போகும்போது
இருபது வருஷச் சீட்டுக் கூட்டாளி
ரோட்டில் நிற்பான்."

வேதம் சொன்ன குலம் வெளியே நிற்குமா?
அதை விழுங்க எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.
அதனால் என் செருப்பு திரும்பி வந்துவிடவில்லை.

வெயிலில் நிற்பாரே என்று
சுவரோரம் புங்கன் ஒன்று வரைந்தேன்,
கிளை இருபுறமும் விரிய.
அழிக்கச் சொன்னார்.
குழிமேல் கவியும் கிளை அவன்மேலும் கவிந்தால்
உள்ளே வந்ததாகவே கணக்கு.
கிளைக்குமா தீட்டு, என்றேன்.
கிளைக்கும்.

டாக்டருக்கான இடம் முதல் வரிசையில், சுவரை ஒட்டி.
அன்று அவரைத் தடுக்க விதி இல்லை.
பின்னாளில் மகன் வந்தால்
வெளியே நின்றே கல் வைக்கலாம்.
சுவர் இடுப்பளவுதான்.

ராத்திரி பதினொன்றுக்கு
புங்கனைப் பன்னிரண்டடி உள்ளே தள்ளினேன்.
சாலையோரம், சுவரைவிட்டு விலகி,
கிளை எதன்மேலும் போகாத தூரத்தில்
இன்னொரு வட்டம் போட்டேன்.
'புங்கன், வெளியே நிற்பவர்களுக்கு' என்று எழுதி,
பின்சொற்களை அழித்து,
புங்கன் என்று மட்டும் விட்டேன்.
எஸ்டிமேட்டில் அதற்கு விலை போடவில்லை.