துறை தேர்ந்தவர்

களியக்காவிளையில் எனக்கு ஜெராக்ஸ் கடை,
எல்லைக்கு இந்தப்புறம் ஏழு கடை தள்ளி.
ரசலையன் சொல்லச் சொல்ல
ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தருவேன்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

முதல் விண்ணப்பம் ரப்பர் மரத்துக்கு:
மழை வந்தால் தானே இறங்கி
பால் கோப்பையை மூடும் பாவாடை.
இரண்டாவது மீன்பெட்டி.
தேங்காய்ப்பட்டணத்துச் சாளை
பாறசாலை போவதற்குள்
உருகிய ஐஸில் ஊறாமலிருக்க
அடியில் ஒரு கள்ளத்தட்டு.
சோதனைச் சாவடியில் தட்டிப் பார்த்தார்கள்,
ரேஷன் அரிசி இருக்கிறதா என்று.
மூன்றாவது நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது.
மச்சினனுக்கு டிரிப் தீர்ந்து
குழாயில் ரத்தம் ஏறிய ராத்திரி.
பாட்டில் எடை குறைந்தால்
மணியடிக்கும் கொக்கி.
நான்காவது, எறும்பேறாத தேன்பெட்டிக் கால்;
சுற்றிலும் ஒரு கோடு எண்ணெய்.

'கண்டுபிடிப்பின் துறை' என்ற இடத்தில்
ஒவ்வொரு தடவையும் வேறொன்றை நிரப்பினேன்.
"ஒரே ஆள்தானா?" என்று
சென்னையிலிருந்து ஒருத்தி போனில் கேட்டாள்.

எல்லாமே சொட்டுவதைப் பற்றித்தான் என்று
ஒருநாள் கண்டுபிடித்து அவரிடம் சொன்னேன், பெருமையாக.
"அப்பம் அஞ்சாவது?" என்றார்.
அஞ்சாவது பஸ் போர்டு.
இஞ்சிவிளை வந்ததும் டிரைவர் கயிற்றை இழுத்தால்
தமிழ் புரண்டு மலையாளமாகும்.

அதற்குத்தான் வந்தது ஆட்சேபக் கடிதம்:
துறை தேர்ந்தவர் ஒருவருக்கு
இது வெளிப்படையானதே.
"யாரு பிள்ளே அந்தத் துறை தேர்ந்தவரு?
அவருக்குத் தெரியுமெங்கில்
கண்டக்டர் எதுக்கு இத்தற வருசமா
மழையத்து எறங்கி போர்டு மாத்துகான்?"
பதிலில் அதையே எழுதினேன்,
கொஞ்சம் மரியாதை சேர்த்து.

வருடாவருடம் புதுப்பிக்கக் கட்டணம் உண்டு.
கொக்கிக்குக் கட்ட, பாவாடையை விட்டார்.
போர்டுக்குக் கட்ட, மீன்பெட்டியை.
காலாவதி என்று விழுந்துவிட்டால்
யாரும் செய்யலாம், யாரையும் கேட்கவேண்டாம்.

போன இடவப்பாதியில்
குலசேகரம் போகிற வழியில்
ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார்.
சரிவு முழுக்க நீலப் பாவாடைகள்.
மழை பிடித்தது.
வரிசை வரிசையாக இறங்கின.
ஒன்று மட்டும் இறங்கவில்லை.
வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார்,
யார் விளை என்று கேளாமல்.
முடிச்சை அவிழ்த்து
அரை விரல் மேலே தள்ளிக் கட்டினார்.
கோப்பையில் நின்ற தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு
திரும்பி வந்து பின்னால் உட்கார்ந்தார்.

சட்டை நனைந்து என் முதுகில் ஒட்ட,
"முடிச்சுக்கு என்ன துறை போடுவே பிள்ளே?"
என்றார்.