நாலாம் கால்

ஓஷிவாராவில் ஒரு தையற்கடைக்குக் கீழே என் பிழைப்பு.
ஜன்னல் இல்லை.
ஏசியையும் அணைத்துவிடுவோம்,
அதன் மூச்சு மைக்கில் ஏறிவிடும்.
திரையில் யாராவது நடப்பார்கள்,
நான் அவர்களுக்குக் காலடி தருவேன்.
இருபத்திரண்டு வருடம்.
மணப்பெண்களின் கொலுசு, கொலைகாரர்களின் பூட்ஸ்,
ஒருமுறை ஒரு யானை.

இந்தத் தடவை நாய்.
கான்பூரில் ஒரு பழைய குடியிருப்பு,
பேசிக்கொள்ளாத நாலு வீடு,
சுவர் தாண்டிப் போய்வரும் நாய்கள்,
கடைசி ரீலில் எல்லாக் கதவும் திறக்கும்.
கைக்குட்டைப் படம், என்றான் டென்சில்,
ஹெட்போனுக்குள் மூக்கை உறிஞ்சியபடி.

படப்பிடிப்பில் எடுத்த ஒலி உதவாது.
அதில் நாயே கேட்காது.
‘உட்கார், இங்கே பார், மெதுவா, என் ராஜா’
என்று ஓர் ஆளின் குரல்தான் முழுக்க.

ஆகவே பழைய கையுறை,
விரல் நுனிகளில் காகிதக் கிளிப்: நகம்.
காது உதற ஒரு தோல் பர்ஸ்.
வாலுக்கு ஈரத்துண்டைச் சுருட்டி மெத்தையில் அடிப்பேன்.
தண்ணீர் குடிக்க மட்டும் என் சொந்த நாக்கு.
கிண்ணத்தின் மேல் நான் குனியும்போது
டென்சில் கண்ணாடிக்கு அப்பால் திரும்பிக்கொள்வான்.
நல்ல பையன்.

மூன்றாம் நாள் அந்தக் குரல் நேரில் வந்தது.
ஹரிஷ்சந்திர மோரே. நனைந்த குடை, மஞ்சள் பை.
ஓரமாக உட்காரலாமா என்று கேட்டார்.
அந்த நாய் ஏப்ரலிலேயே போய்விட்டது
என்பதை யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

நாலாவது ரீல், முற்றம், மழைக்கு முன்.
போட்டுக் காட்டினேன்.
நெடுநேரம் கேட்டார்.
‘நாய்தான்’ என்றார். ‘பத்தாஷா இல்லை.’

குட்டியில் ஆட்டோ ஏறிய கால் அவளுக்கு.
பின்னால், இடது.
மூன்று கால் தரையை நம்பும்,
நாலாவது கேட்டுவிட்டுத்தான் வைக்கும்.

படத்தில் தெரியவில்லையே என்றேன்.
தலையைக் குனிந்துகொண்டார்.
நொண்டி என்றால் சான்ஸ் போய்விடும் என்று
ஐம்பத்தாறு நாளும்
அவளை வலப்பக்கமாகவே நடத்தினாராம்.
‘டைரக்டர் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.’

ஒரு விரலின் கிளிப்பைக் கழற்றினேன்.
டக் டக் டக், பிறகு ஒரு சின்ன யோசனை.
அவர் தொடையில் தட்டிக் காட்டினார்.
சீக்கிரம், இல்லை, தாமதம், இல்லை,
பசியோடு வரும்போது இப்படி,
திட்டு வாங்கிவிட்டு வரும்போது இப்படி.
பதினேழாவது டேக்கில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குடையை மறந்துவிட்டுப் போனார்.

படம் மூன்று வாரம் ஓடியது.
பாட்டைப் புகழ்ந்தார்கள், சிறுமியின் நடிப்பைப் புகழ்ந்தார்கள்.
தஹிசரில் ஒரு மாலைக்காட்சியில்
எனக்கு முன்வரிசையில் மூன்று தலைமுறை ஒன்றாக விசும்பியது.
நாலாம் காலை யாரும் கேட்கவில்லை.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள் மோரே அழைத்தார்.
அந்த நடையை மட்டும் போனில் அனுப்ப முடியுமா?
ஒப்பந்தப்படி கூடாது.
நாற்பது விநாடி, அனுப்பினேன்.

வீட்டில் இன்னொன்று இருக்கிறது, லாடு,
இரண்டு கண்ணும் போன கிழம்.
பத்தாஷாவும் அவனும் ஒரே சாக்கில் தூங்கியவர்கள்.
போனைத் தரையில் வைத்து ஒலிக்க விட்டாராம்.
காது நிமிர்ந்ததாம்.
குரைக்கவில்லை, எழவில்லை.
சாக்கில் ஒரு பக்கமாக நகர்ந்து படுத்தானாம்,
இடம் விட்டு.

பிறகு? என்றேன்.
‘பிறகென்ன, அணைத்துவிட்டேன்.
இரண்டாம் தடவை போட்டால் பாவம் இல்லையா.’
அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தம்.
யாரோ கதவைச் சாத்தினார்கள்.

குடை இன்னும் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது.
அடுத்த வாரம் எனக்குக் குதிரை.
சரியான கொட்டாங்குச்சி கிடைக்கவில்லை.