நோக்காம்

மூணாம் நாள் விடியக்காலம்
வலது கை மட்டும் தனியாகத் துடித்தது.
கனவு காணுது என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.
நானும் சிரித்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்,
நாற்பது வரைக்கும்.
அதன் பிறகுதான் உதடு நீலமானது.

களியக்காவிளைச் சாவடியில் கோழி லாரிகள் வரிசை.
எங்கள் ஆம்புலன்சுக்கு ஒதுங்கி வழி விட்டார்கள்.
பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்.
ஒவ்வொரு சிக்னலிலும் கிளாட்சன்
தன் வலது கையை விரித்து விரித்து மூடினான்.

பக்கவாதம் என்றார்கள்.
அது என் மாமனாருக்கு வந்தது,
எழுபது வயசில், வெற்றிலை எச்சில் ஒழுக.
பிறந்து மூணு நாளில்
இவளுக்கு யாரோடு வாதம்?

டாக்டர் லேகா படத்தை வெளிச்சத்தில் வைத்தார்.
மூளையின் இடப்பக்கம் ஒரு வெள்ளை.
பதினோரு வருஷம் அண்டியாபீசில்
தோல் உரித்துத் தரம் பிரித்தவள் நான்.
முழுசு ஒரு தட்டில், பிளவு ஒரு தட்டில்,
பொடி கடைசித் தட்டில்.
கண் தானாகப் பிரித்துவிட்டது.
அதற்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மூக்கில் விடும் சொட்டு என்றார்.
வேறொருத்தி பிரசவத்தில் கழிந்த கொடியிலிருந்து
எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்கள்.
அடிபட்ட இடத்தைத் தாமே தேடிப் போகுமாம்.
போய் அங்கே குடியிருக்காதாம்,
மிச்சமிருப்பதைத் தட்டி எழுப்பிவிட்டு
ஓய்ந்துபோகுமாம்.

நச்சுக்கொடி என்றுதான் சொல்வோம் நாங்கள்.
குழித்துறை ஆஸ்பத்திரியில் என்னுடையது
மஞ்சள் வாளியில் போனது.
பேரிலேயே நச்சு. யார் கேட்பார்கள்?
இங்கே எவளோ ஒருத்தி
வலி ஆறுவதற்குள் ஒரு தாளில்
சம்மதம் எழுதியிருக்கிறாள்.
பேர் சொல்ல மாட்டார்களாம்.
அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிட?
தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை.

நோவுமா, பலிக்குமா,
ரெண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.
நோக்காம் என்றார் டாக்டர்.
எங்கள் பக்கம் நோக்காடு என்றால் வலி.
வயிறு கலங்கிப்போனது.
பார்ப்போம்னு அர்த்தம் சேச்சி,
நர்ஸ் என் கையைத் தொட்டாள்.

இன்னொன்றும் சொன்னார்.
இது ஆராய்ச்சி.
பாதிப் பிள்ளைகளுக்குச் செல்,
பாதிக்கு வெறும் உப்புநீர்.
எது யாருக்கென்று உங்களுக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது,
கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.
கிளாட்சன் எழுந்து வெளியே போய்விட்டான்.
திரும்பி வந்தபோது கையில் ரெண்டு பழம்பொரி,
எண்ணெய் ஊறிய தாளில்.
பேசாமல் தின்றோம்.
அதே எண்ணெய்க் கையோடு
கையெழுத்துப் போட்டோம்.

காலில் கட்டிய பட்டையை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
ஜெபஷீலயுடெ குஞ்ஞு.
அது போதும்போல் இருந்தது அன்றைக்கு.

சொட்டு விட்டார்கள்.
தும்மினாள்.
வாய்ப் பழக்கத்தில் நூறு என்றேன்.
நூறில் எத்தனை செல், எத்தனை உப்பு?

ஒன்பது மாதம் ஆகிறது.
பெனிட்டா என்று பேர் வைத்தோம்.
எல்லாவற்றுக்கும் இடது கைதான் நீளும்.
வலது கையில் கட்டைவிரலை உள்ளே வைத்துப்
பூட்டியிருப்பாள்,
எதையோ யாருக்கும் தராதவள் மாதிரி.
போன செவ்வாய்க்கிழமை
வெந்நீரில் குளிப்பாட்டும்போது அது திறந்தது.
என் சுண்டுவிரலைப் பிடித்தாள்.
விட்டாள்.
செல்லா, உப்பா, வெந்நீரா,
இல்லை அவளேதானா?
கிளாட்சன் வேலையிலிருந்து வந்ததும்
மறுபடி வெந்நீர் வைத்தோம்.
திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் வாய் திறக்க
இன்னும் ரெண்டு வருஷமாம்.

நேற்று ஆபீசில் ஒரு பருப்பு வந்தது,
நடுவில் கோடு விழுந்து,
பிளந்தும் பிளக்காமலும்.
எந்தத் தட்டு என்று தெரியாமல்
விரலிடுக்கில் வைத்திருந்தேன்.
மேஸ்திரி அதட்டினார்.
வாயில் போட்டு மென்றேன்.
கூலியில் பிடித்துக்கொள்ளட்டும்.