பதில் ஆள்

யாராவது ஊரைவிட்டுப் போனால்தான் எனக்குச் சம்பளம்.
கியுருவேசியைச் சுற்றிப் பதினோரு பண்ணைகள்.
எந்தக் கொட்டிலில் எந்தக் கொக்கியில்
என் காலுக்குப் பெரிதான ரப்பர் காலணி தொங்கும் என்று
இருட்டிலும் சொல்வேன்.

மாடு வளர்ப்பவருக்கும் விடுப்பு உண்டு
என்கிறது ஃபின்லாந்தின் சட்டம்.
பால் சட்டம் படிப்பதில்லை.
மடியில் ஏறிவிட்டால் கறந்தாக வேண்டும்.

இல்மோ ஆறு வருடமாக எங்கும் போகவில்லை.
ஸிர்க்கா பிப்ரவரியிலேயே
தாலின் கப்பல் டிக்கெட்டைக்
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள்.
பால் எடுக்கும்போதெல்லாம் அவன் அதைப் பார்க்க வேண்டும்.

ஜூலையில் அந்த நாள் வந்தது.
கார் உறுமிக்கொண்டு நிற்கிறது.
மடியில் கைப்பையோடு ஸிர்க்கா முன் இருக்கையில்.
இல்மோ மூன்றாம் தடவையாகக் கொட்டிலுக்குள் வருகிறான்.

நாற்பத்து மூன்று இடது காலால் உதைப்பாள், ரைலி.
தெரியும்.
மான்சிக்கிக்குப் பின்காம்பு ஒன்று மெதுவாகத்தான் விடும்.
தெரியும் இல்மோ, உனக்கு முதுகு பிடித்தபோது
நான்தானே கறந்தேன்.

பிறகு சொல்ல எதுவும் இல்லாமல்
கதவின் பூட்டைத் தொட்டுப் பார்த்தான்,
ஒருநாளும் பூட்டியிராத பூட்டை.
ஸிர்க்கா ஹாரன் அடித்தாள்.
ஒரே முறை, நீளமாக.
மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

முதல் நாள் ஏழு அழைப்புகள்.
கடற்பறவைக் கூச்சலுக்கு நடுவே கத்துகிறான்:
பால் தொட்டி எத்தனை டிகிரி?
மறுநாள் நாலு.
மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.
அன்றைக்குத்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

என் லீவு ஒரு நோட்டில் இருக்கிறது, பென்சிலில்.
அழித்து அழித்து
அந்த இடத்தில் காகிதம் மெலிந்து
மறுபக்கத்து எழுத்து தெரிகிறது.
நான் போனால் என் இடத்துக்கு யார் என்று
ஆபீசில் கேட்டேன்.
எய்லா பேனாவைக் கடித்தபடி
ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
பொய் சொல்லக் கூடாது,
அந்த மௌனம் எனக்குக் கொஞ்சம் இனித்தது.

வெள்ளி இரவு பதினொன்றரை, இன்னும் வெளிச்சம்.
பிர்ச் மரத்தடியில் கார் வந்து நின்றது.
டிக்கெட் ஞாயிறு வரைக்கும்.
ஸிர்க்கா இறங்கி, என்னைப் பாராமல்
வீட்டுக்குள் போனாள்.
அவன் இறங்கவில்லை.
ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளும்.
வாளியோடு நான் கொட்டில் வாசலில்.

கண்ணாடியை இறக்கினான்.
எவ்வளவு?

லிட்டர் கணக்கு நாக்கு நுனியில் இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
அப்புறம் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.
ஏரியைச் சுற்றும் மண் சாலையில்
அதன் சத்தம் வெகுநேரம் கேட்டது,
ஓரிடத்தில் நின்றது,
மறுபடி கேட்டது.

உள்ளே நாற்பத்து மூன்று
எழுந்து நின்றிருந்தாள்,
வாசல் பக்கம் காதைத் திருப்பி.