இருபத்தைந்து கால்கள்

சனி இரவு பதினொன்று இருபதுக்குப்
படியேறி வந்தார்கள். ஆறு பேர்.
நான் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பாட்டு நிற்கவில்லை. அதை நிறுத்தத் தெரிந்த பெடியன்
மேசைக்கடியில் புகுந்துவிட்டான்.

'ஆடினவை எத்தனை பேர்?'
மொழிபெயர்க்க வந்த கான்ஸ்டபிளுக்கு
நல்ல வடிவான கையெழுத்து. அதைச் சொல்லத்தான் வேணும்.
தலை பதின்மூன்று, கால் இருபத்தாறு என்று எழுதினார்.
'இருபத்தைந்து' என்றார் ரெட்ணவேல்.
பூநகரிப் பக்கம் எங்கேயோ ஒரு காலை விட்டுவந்தவர்,
ஊன்றுகோலை பாரில் சாய்த்துவிட்டு
ஒற்றைக்காலில் நின்றபடி.
'எனக்குத் தண்டத்தில பாதிதான் போடவேணும் ஐயா.'
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
எழுதியதை வெட்டித் திருத்தி
ஓரத்தில் சின்னக் கையொப்பமும் வைத்தார்.

குடிக்க லைசென்ஸ் இருக்கிறது,
சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.
பாட்டுக்குக் கொழும்பில் காசு கட்டிய ரசீது இருக்கிறது.
இருந்து கேட்கலாம். எழும்பினால் குற்றம்.
தலையாட்டலாமோ என்று கேட்டேன்.
மேலிடத்தில் கேட்டுச் சொல்லவேணுமாம்.
தோள்?
பேசாம இருங்கோ பிள்ளை.

ஆட அனுமதி கேட்டு எட்மண்ட் அண்ணை
மூன்று தரம் அலைந்தவர்.
மாநகரசபை பொலிசுக்கு அனுப்பியது.
பொலிஸ் கச்சேரிக்கு அனுப்பியது.
கச்சேரி வைக்கக் கச்சேரியில் கேட்டதற்கு
'வெளிநாட்டாரோ, அது வேற பைல்' என்று
வேறொரு யன்னலைக் காட்டினார்கள்.
அந்த யன்னல் சாப்பிடப் போயிருந்தது.

வெளிநாட்டார்.
குருநகரில் பிறந்த மனிசன்.
இப்பவும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டார்.
எண்பத்தாறில் போய், பேர்கனில்
முப்பது வருசம் கோப்பை கழுவி,
சிவப்புப் பாஸ்போட்டோடு வந்து
ஆஸ்பத்திரி வீதியில் இந்த மாடியை எடுத்தார்.
படிவத்தில் பிறந்த இடத்துக்கு ஒரு கோடு,
குடியுரிமைக்கு ஒரு கோடு.
இரண்டாவதை மட்டும் வாசித்தார்கள்.

பெட்டிசம் போட்டது எங்கட ஆட்கள்தான்.
கலாசாரச் சீரழிவு என்று, நாலு எழுத்துப்பிழையோடு.

பண்ணைக் கடலைப் பார்த்தபடி
தெற்குக் கம்பனியின் ஐந்து மாடி ஹோட்டல்.
போன மாதம் அங்கே
இதே இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு விருந்து.
என் மச்சாள் அங்கே கோப்பை எடுக்கிறவள்,
இரண்டரை மட்டும் கால் நோக நின்றவள்.
'சப்பாத்தைக் கழற்றிப்போட்டு ஆடினவர்' என்றாள்,
'பைலாவுக்கு நல்லா ஆடுவார்.'
நான் அதை வாக்குமூலத்தில் சொல்லவில்லை.
எனக்கு மாதச் சம்பளம். அவளுக்கும்.

கொண்டுபோனவை: ஸ்பீக்கர் இரண்டு,
வயர் ஒரு சுருள்,
'கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய பந்து, ஒன்று.'
அது நான் கஸ்தூரியார் வீதியில்
பேரம் பேசி வாங்கியது.

செவ்வாய் காலை கையெழுத்து வைக்கப் போனேன்.
வைக்க இடமில்லாமல் அதை
யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
பத்து மணி வெயில்.
றோட்டில் ஒரு பஸ் போக
மெல்லத் திரும்பியது.
சுவரில், தொப்பியில், பைல் கட்டுகளில்,
அந்த நல்ல கையெழுத்துக்காரரின் முதுகில்
வெளிச்சப் பொட்டுகள் ஊர்ந்தன.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
எழும்பி யன்னலைச் சாத்துவார் என்று நினைத்தேன்.
பேனையை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

வழக்கு இருபத்தொன்பதாம் திகதி.
எட்மண்ட் அண்ணை பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு வரவேணுமாம்.
மற்றக் காலையும் தேடிக் கொண்டுவரவேணுமோ என்று
ரெட்ணவேல் கேட்கச் சொல்லிவிட்டவர்.
மறந்துபோனேன்.