வெட்டு ஒன்று

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பது கத்திக்குச் சரி.
யூபி மூன்றாம் மாடி அச்சகத்தில்,
என் கணினியில்,
வெட்டு ஒன்று; துண்டு கண்ணில் படுவதேயில்லை.
எங்கோ இருக்கிறதென்று நம்ப வேண்டும்.
ஒரே ஒரு மடிதான் அதற்கு.
அடுத்தது வந்து உட்கார்ந்தால்
முன்னது எழுந்து போய்விடும்.

செவ்வாய் மாலை ஐந்தேமுக்கால்.
நிமலனுக்கு எழுதிய கடிதத்தில்
சாவி வரி மேலே நின்றது.
எடுத்த எடுப்பில் சாவியா என்று தோன்ற
வெட்டினேன், கீழே ஒட்டலாமென்று.
அந்த நேரம் பார்த்து ஹுய் ஷான்:
மின்தூக்கி அறிவிப்பு, தமிழ் மட்டும் பாக்கி.

மொழிபெயர்த்தேன்.
நகலெடுத்தேன் என்றுதான் நினைவு.
விரல் சி-யைத் தொட்டதோ
பக்கத்து எழுத்தில் வழுக்கியதோ,
ஒட்டினேன், அனுப்பினேன்.
கடிதத்தையும் அனுப்பினேன், படித்துப் பார்க்காமல்.
பேருந்து வரும் நேரம்.

ஹுய் ஷானுக்குத் தமிழ் தெரியாது.
நான் சொல்லியிருந்தது இவ்வளவே:
கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகி நின்றால் தப்பு.
புள்ளிகளாலான வட்டம் ஒன்று
நடுவில் முளைத்தால் பெருந்தப்பு.
பெரிதாக்கிப் பார்த்தாள்.
ஒரு கொம்பும் ஒடியவில்லை.

ஈசூனில் முப்பத்திரண்டு புளோக்குகள்.
ஆங்கிலத்தில், சீனத்தில், மலாயில்
காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்தூக்கி ஓடாது.
தமிழில்,
சாவியைச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.
ராத்திரி மீன்தொட்டி விளக்கை அணைத்துவிடு.

மூன்று நாள் ஒரு சத்தமில்லை.
கோப்பிக்கடையிலிருந்து பொட்டலம் வாங்கி வந்தவர்கள்,
சீருடைப் பிள்ளைகள்,
எல்லோரும் அதன்முன் நின்றுதான்
பொத்தானை அழுத்திப் பார்த்திருப்பார்கள்.
நான்காம் நாள் ஒரு தொலைபேசி.

"பதினோராம் மாடி ஜெயபுஷ்பம் பேசுறேன்.
எங்க செருப்பு அலமாரியப் பார்த்துட்டேன்மா, சாவி இல்ல.
எதிர்வீட்டு மலாய்க்காரம்மாகிட்ட சொன்னேன்,
அவங்களும் பார்த்தாங்க.
மீன் அவங்ககிட்ட இருக்கு.
ஆனா அந்தத் தொட்டிக்கு விளக்கு கிடையாதாம்."
கொஞ்சம் மூச்சு வாங்கினார்.
"சரி, லிஃப்டு எப்பம்மா ஓடும்?"

அதற்கப்புறம்தான் அனுப்பிய கடிதத்தைத் திறந்தேன்.
இனி ஒட்டுமில்லை உறவுமில்லை.
மிச்சத் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு.
அவ்வளவுதான் இருந்தது.
அதற்கு அவன் போட்டிருந்த ஒற்றை வரி
நான்கு நாளாக எனக்குப் பிடிபடாமல் கிடந்தது:
சாவி உன்னிடமே இருக்கட்டும்.

சனிக்கிழமை, சம்பளமில்லாமல்,
தமிழ்ப் பகுதியை மட்டும் அச்சிட்டு நறுக்கி
புளோக் புளோக்காகப் போனோம்.
ஒட்டுமில்லை என்று எழுதிய கை
முப்பத்திரண்டு இடத்தில் ஒட்டியது.
நிஜக் கத்தரி, நிஜப் பசை, விரலெல்லாம் பிசுபிசு.
முன்னால் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள் ஹுய் ஷான்.
ஒரு சாவியைப் பற்றி, என்றேன்.
கிடைத்ததா, என்றாள்.

அன்றிரவு அவனுக்குத் தட்டினேன்:
சாவி வீட்டில்தான் இருக்கிறது.
அனுப்பவில்லை.
அழிக்கவும் மனமில்லாமல் வெட்டினேன்.

இது ஆறாவது நாள்.
கணினியை நான் அணைப்பதில்லை.
எதையும் வெட்டுவதில்லை, நகலெடுப்பதில்லை.
கொசு மருந்து அறிவிப்பு, தண்ணீர்த்தொட்டி அறிவிப்பு,
ஒரே முகவரியானாலும் பன்னிரண்டு தடவை
எழுத்தெழுத்தாகத் தட்டுகிறேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்கிறாள் ஹுய் ஷான்.