என்ன

டிங்கிரி என்றால் சிங்களத்தில் சின்னஞ்சிறுசு.
இது முப்பத்திரண்டு கிலோ.
குருநாகலில் ஒரு பெண் குட்டியிலிருந்து பழக்கி
லொறியில் ஏற்றி அனுப்பினா.
கூடவே கைபேசியில் அவவின் குரல்:
வமட்ட. தகுணட்ட. யமு. இன்ன.
இடம். வலம். போவம். நில்.
டைக் வீதி வீட்டில் ஒரு கிழமை
பள்ளிப் பிள்ளை மாதிரிப் பாடமாக்கினேன்.

என் நாய்க்குத் தமிழ் தெரியாது.
எனக்குத் தெரிந்த சிங்களமோ
சோதனைச் சாவடிகளில் பொறுக்கியது.

அப்போது பார்வை இருந்தது. பத்தொன்பது வயது.
மட்கோ சந்தி வரிசையில் நிற்கிறேன்.
துவக்கோடு ஒரு பொடியன், அவனுக்கும் அவ்வளவுதான் இருக்கும்,
என்னைப் பார்த்து
'என்ன' என்றான்.
'ஒண்டுமில்லை' என்றேன்.
'என்ன!'
'ஒண்டுமில்லை ஐயா, ஒண்டுமில்லை.'
மூன்றாம் தரம் கன்னத்தில் விழுந்தது.
பின்னால் நின்ற மனுசி முணுமுணுத்தா:
வரட்டாம் தம்பி, கிட்ட வரட்டாம்.

அவன் மொழியில் 'என்ன' என்றால் 'வா.'

கண் போனது அதனால் இல்லை.
எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்,
ஷெல்லோ, என்று.
இல்லை. கண்ணுக்குள் அழுத்தம். அப்பாவுக்கும் இருந்தது.
அவர்களுக்குச் சற்று ஏமாற்றம்.

ஒரு நாளைக்கு எத்தனை 'என்ன' சொல்கிறேன் என்று
நாய் வந்த பிறகுதான் தெரிந்தது.
கச்சேரியில் தொலைபேசியை எடுத்தால், என்ன விசயம்.
மீன் கடையில், என்ன விலை.
அடுப்படியில் மரீனா எதையோ போட்டு உடைத்தால்
என்ன, என்ன.
ஒவ்வொரு தரமும்
மேசைக்கடியில் இருந்து எழும்பி,
நகம் சீமெந்தில் தட்டத் தட்ட வந்து
முழங்காலில் தாடையை வைக்கும்.
கூப்பிடவில்லையடா, கேட்டேன்.
அதற்கு வித்தியாசம் தெரியாது.
எனக்கும் இப்போது அவ்வளவாக இல்லை.

மழை நாளில் நவ்சாத்தின் ஓட்டோ.
முதல் தரம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு சாக்கு விரிக்கிற சத்தம்.
'ஏறுங்க கிளரன்ஸ் அண்ணன்,
நான் பிறகு மண் போட்டு ஏழு தரம் கழுவிக்குவன்.'
கழுவுகிறான். வாளிச் சத்தம் கேட்டிருக்கிறேன்.
அடுத்த மழைக்கும் வருகிறான்.

நேற்று விடிய, பாண் வாங்கிக்கொண்டு வருகையில்
கோட்டை வாசல் பக்கம் நடுரோட்டில் நின்றுவிட்டது.
யமு என்றேன். இல்லை.
யமு, யமு. பட்டியை இழுத்தேன். கல்.
வாகனச் சத்தம் எதுவுமில்லை. கடல் மட்டும்.
'என்ன?' என்றேன்
எரிச்சலில், தமிழில்.

ஏற்கெனவே காலோடு நிற்கிற நாய்
இன்னும் எங்கே வருவது?
முழுப் பாரத்தையும் என் தொடையில் சாய்த்தது.
உடம்பெல்லாம் நடுக்கம்.
அதற்குப் பிறகுதான் கேட்டது,
ஈரப்புல்லை இழுத்துக் கடிக்கிற பத்து இருபது வாய்,
தாரில் வழுக்குகிற குளம்பு.
திருகோணமலை மான்கள்,
கச்சேரி அதிபருக்கும் வழிவிடாதவை.

ஒன்று கிட்ட வந்து பாண் பையை மோந்தது.
கையை நீட்டினேன்.
கொம்பு; மேலே பூனை வயிறு மாதிரி மயிர்; உள்ளே சூடு.
கொம்பில் இரத்தம் ஓடும் என்று
பார்வை இருந்த காலத்தில் எனக்குத் தெரியாது.

டிங்கிரி துரத்தவில்லை.
துரத்தாமல் இருப்பது அதற்கு எவ்வளவு பாடு என்று
என் தொடைக்குத் தெரிந்தது.

அதனால் இன்று ஞாயிறு, டச்சுக்குடாவில்
பட்டியைக் கழற்றினேன்.
மணல் என் முகத்தில் தெறித்தது, போய்விட்டது.
காகங்கள் கத்திய பக்கமாய் அது எங்கேயோ
வெறும் நாயாய் இருந்தது.
கையில் கைப்பிடி மட்டும்.
அடுத்த அடி எங்கே என்று சொல்ல ஆளில்லை.
கூப்பிட ஒரு சொல் போதும்;
வாயை இறுக்கி மூடிக்கொண்டு
அலையை எண்ணினேன். எழுபதில் பிழைத்துப் போனது.

எவ்வளவு நேரமோ.
ஈர உடம்பு ஒன்று தூரத்தில் நின்று உதறியது.
அதன் வாயில் செத்த கணவாய்,
நாறியதிலேயே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் கேட்டேன்.